பழைய ட்ரெய்லர் தேடும் படலம்

மார்ச் 4
மண், ஜல்லி, எப்போதாவது மரச்சாமான் ஏற்றத்தான் வண்டியின் பின்னால் மாட்டி இழுக்கும் ட்ரெய்லர், பழையதே போதும். இன்று பார்த்தது கறுப்பு பெயிண்டில் பளபளவென்று நின்றது. சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது. விற்கும் முன் பெயிண்ட் அடிப்பது தப்பில்லை. ஆனால் நட்டு, ஒயர், ரிஃப்ளெக்டர் என்று ஒன்றையும் விடாமல் அப்பியிருந்தால் எதையோ அவசரமாக மூடியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அடியில் படுத்து ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனேன். 'டங் டங்' என்று வந்த சத்தம், குறுக்குச் சட்டம் சேரும் மூலையில் 'டொப்' என்றது. இன்னொரு தட்டில் பெயிண்டோடு துரு பொலபொலவென்று முகத்தில் கொட்டியது. "அது மேல் துருதான் சார்" என்றார் விற்பவர். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை எப்படி மேல் துருவாகும்? கிளம்பிவிட்டேன்.

மார்ச் 9
அடுத்த ட்ரெய்லரைப் பற்றி முதலில் போனில் விசாரித்தேன். தகட்டில் மொத்த எடை 750 கிலோ, வெறும் வண்டி 260. ஆக, ஏற்றக்கூடியது 490 கிலோதான். 750-ம் சரக்குக்கு என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. ஈர மணல் ஒரு கன மீட்டரே ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். கால் கன மீட்டர் போட்டாலே கிட்டத்தட்ட முழுச் சுமை. எனக்கு அது போதும்.

மார்ச் 10
மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன். வெளுத்துப்போன வண்டி. "இதையா மாமா பார்க்க வந்தோம்?" என்றான். டேப்பின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தேன். முன்னால் இருக்கும் கப்ளரிலிருந்து (இழுக்கும் வண்டியோடு மாட்டும் கொக்கி) ஆக்சிலின், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அச்சின், இரண்டு முனைகளுக்கும் அளந்தோம். சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இது சென்டிமீட்டர் கணக்கில் போனால் வண்டி கோணலாக இழுபடும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். சட்டத்தை மூலைக்கு மூலை அளந்ததும் சரியாக வந்தது. ஸ்பிரிங் பட்டையில் விரிசல் இல்லை. சேஸிஸ் எண்ணும் காகிதத்தில் உள்ளதும் ஒன்றுதான்.

டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடு பள்ளம், நன்றாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் 1815 என்று எண்: 2015-இன் 18-ஆவது வாரம் தயாரானது. நின்றே பழசான ரப்பர்; பக்கச்சுவர் முழுக்க மெல்லிய வெடிப்பு. ட்ரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும்.

பிறகு ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினோம். வலது பக்கம் சத்தமே இல்லை. இடது பக்கம் மணல் அரைபடுவது போல் கரகரத்தது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசான லூஸ். சக்கரத்தின் நடுவிலுள்ள மூடியைக் கழற்றினால் கிரீஸ் பால் நிறத்தில் இருந்தது, தண்ணீர் புகுந்திருக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து மினுக்கியது. அது எர்த் கோளாறு, ஒயரைச் சுரண்டி முறுக்கினால் போதும்.

டயர், பேரிங் செலவைச் சொன்னதும் விற்பவர் விலையை மறுபேச்சில்லாமல் குறைத்துக்கொண்டார். நல்ல மனிதர். சட்டம் போயிருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

மார்ச் 13
டயர், இரண்டு பக்கப் பேரிங் எல்லாம் அவர் இடத்திலேயே மாற்றிவிட்டுத்தான் இழுத்து வந்தோம். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி ஹப்பை (பேரிங் உட்காரும் சக்கர நடுப்பகுதி) தொட்டுப் பார்த்தேன், சூடு ஏறவில்லை. பின்பக்கப் பலகை ஒன்றில் திருப்புளி பொசுக்கென்று இறங்குகிறது. அதை வரும் வாரம் மாற்ற வேண்டும்.