வீடியோவில் ஓடிய ஓவர்லொக்

முகநூல் விளம்பரத்தை நம்பிப் பழைய தையல் மெஷின் ஒன்றுக்குக் காசு போன கதையைச் சொன்னால் கேட்கிற ஆட்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "விசாரிக்காமலா அனுப்பினீங்க?" விசாரித்தோம். விசாரித்த ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. அந்தப் பதில்கள் எப்படி வந்தன என்பதையும், காசு போன பிறகு எங்கே முதலில் போக வேண்டும், எங்கே போய் நேரம் மினக்கெடத் தேவையில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

நானும் மச்சாளும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வீட்டோடு சேர்த்துச் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறோம். சீருடை, சாரி பிளவுஸ், நைட்டி. சாதாரண ஜூக்கித் தையல் மெஷின் இரண்டு இருக்கிறது, துணியின் ஓரத்தை நறுக்கிக்கொண்டே அடிக்கிற ஓவர்லொக் மெஷின் இல்லை. அதனால் தைத்த துணியை உரப்பையில் கட்டிக்கொண்டு மண்முனைப் பாலம் தாண்டிக் காத்தான்குடிக்குப் போய், அங்கே கூலி கொடுத்து ஓரம் அடித்து வர வேண்டும். 2014இல் பாலம் திறக்கும் முன்பு 'பாதை' என்கிற மிதவைப் படகுக்குக் காத்திருந்து வாவியைக் கடந்த காலத்தோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லைதான். ஆனாலும் சீருடைக் காலத்தில் ஓரம் அடிக்கப் போய் வருவதிலேயே பொழுது போய்விடும். சீட்டு விழுந்ததும் ஓவர்லொக் வாங்குவது என்று முடிவெடுத்தோம்.

புது மெஷின் எங்கள் கைக்கு எட்டாது. கார்மெண்ட்ஸில் கழித்துவிட்ட பழைய ஜூக்கி நாலு நூல் ஓவர்லொக், மேசையும் மோட்டரும் சேர்த்து 90,000இலிருந்து ஒரு லட்சம் வரை சொன்னார்கள். முகநூலில் பார்த்த விளம்பரத்தில் 85,000. கட்டுநாயக்கா பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் மூடுகிறது, மெஷின்களைக் கழிக்கிறோம் என்று போட்டிருந்தது. அடிமாட்டு விலை என்றால் நாங்களே சந்தேகப்பட்டிருப்போம். நியாயமான விலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்தக் 'கொஞ்சத்தை' விளம்பரம் போட்டவன் யோசித்துத்தான் வைத்திருக்கிறான்.

வியாபாரப் பதிவுச் சான்றிதழைக் கேட்டோம், படம் வந்தது. அதில் இருந்த பெயரைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் தளத்தில் தேடினால் அப்படி ஒரு கம்பனி உண்மையாகவே இருக்கிறது. அடையாள அட்டையைக் கேட்டோம், அதுவும் வந்தது. முழுக்காசு முதலில் தர மாட்டோம் என்றோம். "பாதி போடுங்க அக்கா, மீதியை மெஷினைக் கண்ணால கண்ட பிறகு லொறிக்காரனிட்டக் குடுங்க" என்றான். தமிழ் நன்றாகவே பேசினான்.

கடைசியாக ஒன்று கேட்டோம். இது மச்சாளின் யோசனை. எங்கள் கடையின் பெயரையும் அன்றைய திகதியையும் ஒரு தாளில் எழுதி, மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, மெஷினை ஓட்டி வீடியோ அனுப்பச் சொன்னோம். ஒரு மணித்தியாலம் போயிருக்கும், வீடியோ வந்தது. கொப்பித் தாளில் நீலப் பேனையால் எங்கள் கடைப் பெயர், திகதி. ஒரு கை வெள்ளைத் துணித்துண்டை அழுத்தும் பாதத்துக்குக் கீழே விடுகிறது. கத்தி ஓரத்தை நறுக்கிக்கொண்டே போகிறது, நாலு நூலும் ஒழுங்காக விழுகிறது. துண்டை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டுகிறான், தையல் விரியவில்லை. ஸ்டாண்டின் காலில் சிவப்புத் துணி ஒன்று கட்டியிருந்தது. மெஷின் தெரிந்த யாரும் அந்த வீடியோவைக் குறை சொல்ல முடியாது. 42,500 போட்டோம்.

அடுத்த நாள் காலையில் லொறி வெளிக்கிட்டுவிட்டது என்று படம் வந்தது. பிறகு 'போக்குவரத்துக் காப்புறுதி' என்று 14,500 கேட்டான். மெஷின் கைக்கு வந்ததும் மீதியில் கழித்துக்கொள்ளலாமாம். போட்டோம். மத்தியானம் லொறி மின்னேரியாவில் நிற்கிறது, வனப்பகுதி சோதனைக்கு இன்னும் 18,000 வேண்டும் என்றான். மச்சாள் தையலை நிறுத்திவிட்டுச் சொன்னா: "பழைய மெஷினுக்குக் காட்டில என்னகா சோதனை? இவன் காசு கேக்கான் எண்டா மெஷின் இல்லகா." தர மாட்டோம் என்று சொன்னதும் முதலில் கெஞ்சினான், பிறகு பொலிசில் சொல்லுவேன் என்று எங்களையே மிரட்டினான், பொழுது படுவதற்குள் வட்ஸ்அப்பில் அவனுடைய படமும் போய்விட்டது.

இந்த இடத்தில் பெரும்பாலான ஆட்கள் செய்வது அவனுக்கே திரும்பத் திரும்ப எடுப்பது, திட்டி வொய்ஸ் அனுப்புவது, அந்தப் பக்கத்தில் போய் 'கள்ளன்' என்று கொமெண்ட் போடுவது. மனம் ஆறலாம், காசுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. முதலில் போக வேண்டியது வங்கிக்கு. கிளை பூட்டியிருந்தால் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிற 24 மணித்தியால இலக்கத்துக்கு. இப்போது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு அனுப்புகிற காசு சில விநாடிகளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அனுப்பியதைத் தாங்களாகவே திருப்பி எடுக்க நமது வங்கிக்கு அதிகாரம் இல்லை. ஆனால் 'இந்தக் கணக்கு மோசடிக்குப் பாவிக்கப்படுகிறது' என்று பெறும் வங்கிக்குச் சொல்ல முடியும். எங்கள் விஷயத்தில் முதல் 42,500 ஏடிஎம்மில் எடுத்து முடிந்திருந்தது. காலையில் போட்ட 14,500 அப்படியே கிடந்தது. அதை நிறுத்தி வைத்தார்கள். எங்களுக்கும் தர முடியாது, அவனும் எடுக்க முடியாது. நீதிமன்றக் கட்டளை வர வேண்டும். அன்று இரவே எடுத்துச் சொல்லியிருக்காவிட்டால் அதுவும் போயிருக்கும்.

தொலைபேசியில் சொன்னதோடு விடாமல் அடுத்த நாள் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி சரியாக நடக்கவில்லை என்று நினைத்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935இல் சொல்லலாம். ஆனால் முதலில் வங்கியிடம் முறையிட்டீர்களா என்றுதான் அங்கே கேட்பார்கள். அப்போது அந்த முத்திரை உதவும்.

அடுத்தது பொலிஸ். "கொம்பியூட்டர் குற்றம் எல்லாம் கொழும்பிலதான், இஞ்ச எடுக்கமாட்டாங்க" என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் முக்கியமாக அடுத்தவனுடைய கணினிக்குள், கணக்குக்குள் அனுமதியில்லாமல் நுழைகிற மாதிரியான வேலைகளுக்கு. நமக்கு நடந்தது பொய் சொல்லிக் காசு வாங்கியது. தண்டனைச் சட்டக்கோவையில் 400ஆம், 403ஆம் பிரிவுகளில் இருக்கிற பழைய ஏமாற்றுக் குற்றம்தான். போன் வழியாக நடந்தது என்பதால் அது மாறிவிடாது. எங்கள் பகுதிப் பொலிசிலேயே முறைப்பாடு எடுத்தார்கள். தமிழில் சொன்னேன், தமிழில் எழுதினார்கள், வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்து வைத்தேன். அங்கே இருந்த சார்ஜன்ட் ஒரு கேள்வி கேட்டார்: "பேர் தெரியுது, நம்பர் எங்க?" நான் எடுத்துப் போன ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றிலும் மேலே 'ஓவர்லொக் கட்டுநாயக்கா' என்று நான் சேமித்து வைத்த பெயர்தான் இருந்தது. இலக்கம் தெரிகிற பக்கத்தையும் தனியாகப் படம் எடுக்க வேண்டும். முகநூல் பக்கத்துக்கும் பெயர் மட்டும் போதாது, இணைப்பையே பிரதி பண்ணி வைக்க வேண்டும். அவர்கள் பெயரை மாற்றுவார்கள், இணைப்பு இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். வொய்ஸ் மெசேஜ்களை அழிக்காதீர்கள். கோபத்தில் நம்பரை புளொக் பண்ணிவிட்டு முழு உரையாடலையும் அழித்தவர்களை எனக்குத் தெரியும்.

நுகர்வோர் அதிகாரசபைக்கும் 1977இல் எடுத்தோம். உண்மையான வியாபாரி பழுதான சாமான் தந்தால் அது சரியான இடம். வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வியாபாரியே இல்லாத இடத்தில் அவர்களால் யாரை அழைக்க முடியும்? பொலிசுக்குப் போங்கள் என்றார்கள், நியாயம்தான். போலிப் பக்கத்தைப் பற்றிக் கணினிப் பாதுகாப்பைப் பார்க்கிற அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு 101இல் சொல்லலாம், வழி சொல்கிறார்கள். காசு மீட்பது அவர்களுடைய வேலை இல்லை.

இதற்கிடையில் வேறொருவன் வந்தான். நாங்கள் ஏமாந்தது எப்படித் தெரிந்ததோ, 'சைபர் பிரிவிலிருந்து பேசுகிறேன், உங்கள் காசு பிடிபட்டுவிட்டது, விடுவிக்க 5,000 கட்ட வேண்டும்' என்று ஆங்கிலத்தில் முத்திரை எல்லாம் குத்திய கடிதம் அனுப்பினான். பொலிஸ் உங்கள் காசை மீட்டுத்தர வட்ஸ்அப்பில் காசு கேட்காது. அந்த இலக்கத்தையும் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தோம்.

வழக்கை நகர்த்தியது நாங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில் வேலை செய்கிறாள். வீடியோவை அவளுக்கு அனுப்பியிருந்தேன். ஒரு நாள் எடுத்து, "அக்கா, சிவப்புத் துணி கட்டின மெஷின வேற ஒரு விளம்பரத்தில கண்டன், அதே கால், அதே மேசை" என்றாள். அந்த விளம்பரத்து இலக்கத்துக்கு எடுத்தேன். நீர்கொழும்புப் பக்கத்தில் பழைய மெஷின் வாங்கி விற்கிற ஒரு நானா. கடைப் பெயரைச் சொன்னதும் சிரித்தார்: "நீங்களா தங்கச்சி அது? பேரை எழுதி வீடியோ எடுத்தது நான்தானே!"

எனக்கு உடனே விளங்கவில்லை. நடந்தது இதுதான். கள்ளன் அந்த நானாவிடம் வாங்குகிறவன் மாதிரிப் பேசியிருக்கிறான். நாங்கள் அவனிடம் எதைக் கேட்டோமோ அதையே அவன் நானாவிடம் கேட்டிருக்கிறான். மெஷின் ஓடுமா, மோட்டர் கிளச்சா சேர்வோவா, கத்தி புதிதா என்று நாங்கள் கேட்க, அது அப்படியே அங்கே போய்ப் பதில் இங்கே வந்திருக்கிறது. 'என் தங்கச்சிக்குத்தான் மெஷின், அவள்ட கடைப் பேரை எழுதி ஒரு வீடியோ அனுப்புங்க நானா, அவளுக்கு நம்பிக்கை வரட்டும்' என்றானாம். நானாவும் நல்ல மனதோடு எழுதி எடுத்து அனுப்பியிருக்கிறார். மெஷின் உண்மை, வீடியோ உண்மை, விலை விபரம் உண்மை. நடுவில் நின்றவன் மட்டும்தான் பொய். இதனால்தான் இப்போது யார் கேட்டாலும் வீடியோ வாங்கிப் பார்த்தோம் என்பதை ஆதாரமாக எடுக்க வேண்டாம் என்று சொல்கிறேன். காசை நேரடியாக மெஷின் இருக்கிற இடத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் இருக்கிற நம்முடைய ஆள் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். மட்டக்களப்புக்கும் அங்கேக்கும் கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள் என்ற துணிவில்தான் அவன் பிழைக்கிறான்.

நானாவோடு அவன் பேசியது வேறு இலக்கத்தில். அந்த இலக்கத்தையும் வொய்ஸ்களையும் நானா தயங்காமல் தந்தார். அவருடைய வாக்குமூலத்தை அவருடைய ஊர்ப் பொலிசிலேயே எடுத்து அனுப்பினார்கள். இங்கே நீதவான் நீதிமன்றத்தில் பி அறிக்கை (விசாரணை பற்றிப் பொலிஸ் கொடுக்கிற அறிக்கை) போட்டு, வங்கிக் கணக்கு விபரத்துக்கும் இரண்டு சிம் விபரத்துக்கும் கட்டளை எடுத்தார்கள். இந்தக் கட்டம் இழுபடும். நடுநடுவே நாம் போய்க் கேட்காவிட்டால் கோப்பு அடியில் போய்விடும். முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரிக்கிற அதிகாரியின் பெயரையும் எழுதி வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் அந்தச் சார்ஜன்ட் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்.

நாங்கள் காசு போட்ட கணக்கின் சொந்தக்காரன் அகப்பட்டான். எங்களோடு பேசியவன் அவன் இல்லை, குரல் வேறு. வேறு மாவட்டத்தில் முச்சக்கரவண்டி ஓட்டுகிற பெடியன். தெரிந்த ஒருவன் கேட்டான் என்று ஏடிஎம் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கொடுத்து, கொஞ்சக் காசு வாங்கியிருக்கிறான். நீதிமன்றத்துக்கு அவனோடு தாயும் வந்திருந்தா. அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, தாய்தான் எங்களோடு பேசினா. பாவமாக இருந்தது. சீட்டுக் கட்ட இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று நினைத்ததும் அந்தப் பாவம் கொஞ்சம் குறைந்தது. 14,500 நீதிமன்றக் கட்டளையோடு எங்கள் கணக்குக்கு வந்தது. மற்றதை அவன் தவணையாகக் கட்ட ஒத்துக்கொண்டான், கட்டிக்கொண்டு வருகிறான். பேசியவனை இன்னும் பிடிக்கவில்லை. இரண்டு சிம்மும் வேறு ஆட்களுடைய பெயரில் எடுத்தவை.

வங்கியிலிருந்து வந்த கணக்குக் கூற்றை விசாரிக்கிற அதிகாரி ஒரு நாள் எனக்குக் காட்டினார். அதே கிழமைக்குள் எங்களைப் போலக் காசு போட்ட வேறு ஆட்களும் வரிசையாக இருக்கிறார்கள். ஒருவர் தண்ணிப் பம்புக்கு என்று குறிப்பு எழுதியிருக்கிறார், ஒருவர் புல்லு வெட்டுகிற மெஷினுக்கு. "இவங்கள்ள எத்தனை பேர் என்ட்ரி போட்டிரிக்காங்க சேர்?" என்று கேட்டேன். நாங்களும் வவுனியாவில் ஒருவரும் மட்டும்தானாம்.