நத்தை உதட்டுல சென்சரி நியூரானைப் பார்க்க நான் பட்ட பாடு

ஒருவழியா கன்ஃபோக்கல் (லேசர் மைக்ராஸ்கோப்) படம் வந்துருச்சு. லிம்னேயா ஸ்டாக்னாலிஸ் குளத்து நத்தை, உதட்டுத் தோல்ல சென்சரி செல் (உணர்வை வாங்குற நரம்பு செல்) ஒவ்வொண்ணும் பச்சையா தனித்தனியா தெரியுது, நிம்மதி. இதே வேலைய ஆரம்பிக்கப் போறவங்க இதைப் படிச்சிட்டு இறங்குங்க.

நத்தை வளர்க்குறது, மெக்னீசியம் குளோரைடு போட்டு மயக்கி அறுக்குறது எல்லாம் சுலபமா முடிஞ்சுது. டோபமைன்ங்கிற நரம்புக் கெமிக்கலைத் தயாரிக்கிற செல்லைக் காட்டுற டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் ஆன்டிபாடி (அதைத் தயாரிக்கிற என்சைம்ல போய் ஒட்டுற புரதம்) வெள்ளிக்கிழமையே வந்துருச்சு, ஆனா ஸ்டோர்ஸ்ல இருந்தவர் ஃபார்ம்ல ஒரு கையெழுத்து இல்லன்னு தரமாட்டேன்னுட்டார், சரி ஃப்ரிட்ஜ்லயாவது வைங்கன்னு கெஞ்சினேன், அது என் வேலை இல்லன்னுட்டார். திங்கக்கிழமை கைக்கு வந்தப்ப ஐஸ் பேக் மொத்தமும் தண்ணி. நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

அதைப் போட்டுப் பார்த்தா வலது பெடல் டார்சல் 1ங்கிற மூளை நியூரான் கூட மின்னல. நத்தை மூளைல சுமார் 20,000 நியூரான், அதுல டோபமைனுக்குப் பேர்போன பெரிய செல் இது, 1990ல மூணே நியூரானை டிஷ்ல சேர்த்து வச்சு மூச்சு விடுற ரிதத்தை வரவச்சாங்களே, அதுல ஒண்ணு. எப்பவும் முதல்ல இதைப் பாருங்க, இதுவே இருட்டா இருந்தா உதட்டுல தேடி நேரத்தை வீணாக்காதீங்க.

புது பாட்டில் வந்தும் மூளையோட மேல்பகுதி மட்டும்தான் தெரிஞ்சுது, ஏன்னா லேப்ல கைமாறி வந்த ப்ரோட்டோகால் எலி மூளை ஸ்லைஸுக்கு எழுதினது. நத்தைக்கு மூளைய ஸ்லைஸ் பண்ணாம முழுசா போடுறோம், மேல உறை கெட்டி, அதனால என்சைம்ல கொஞ்சம் இளக்கி, ட்ரைட்டானை (செல் சவ்வுல வழி திறக்குற சோப்பு மாதிரி திரவம்) கூட்டி, ஆன்டிபாடில நாள்கணக்குல குளிர்ல ஊற விடணும். அவசரப்பட்டா ஒண்ணும் உள்ள போகாது.

அப்புறம் ரொம்ப முக்கியம், மூளைய மட்டும் எடுத்துட்டு உடம்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நமக்குத் தொடு உணர்வு நியூரானோட செல் உடல் தண்டுவடத்துப் பக்கத்துல இருக்கும், நத்தைக்கு நிறைய சென்சரி செல் தோல்லயே உட்கார்ந்திருக்கு, ஒரு முனை வெளிய தண்ணிய தொடும், ஆக்சான் (செல்லோட நீளமான இழை) மட்டும் நரம்பு வழியா உள்ள வரும். மூளைய மட்டும் பார்த்தா எங்கருந்தோ வர்ற நூல்தான் தெரியும். உதடு, கொம்பு, நரம்பு அறுபடாம சேர்த்தே எடுங்க. நான் அப்படி எடுத்ததுல ஒரு ஆக்சானை உதட்டுலேர்ந்து செரிப்ரல் கேங்லியான் (மூளைல ஒரு நரம்பு முடிச்சு) வரைக்கும் விடாம பின்தொடர முடிஞ்சுது, அன்னைக்கு முழுக்க சந்தோஷம் தாங்கல!

பிரைமரி ஆன்டிபாடி (செல்லுல முதல்ல ஒட்டுறது) போடாத ஒரு கன்ட்ரோலும் வச்சுக்கோங்க, சளிச் சுரப்பி தானாவே மின்னி ஏமாத்தும்.

அடுத்து ஹிஸ்டமின்ங்கிற இன்னொரு நரம்புக் கெமிக்கலுக்கு ஆன்டிபாடி போடப் போறேன், அதுக்கு கார்போடைஇமைட்ங்கிற கெமிக்கல்ல ஃபிக்ஸ் பண்ணணும் (திசு கலையாம நிலைநிறுத்தணும்). செஞ்சவங்க யாராச்சும் இருந்தா எவ்வளவு நேரம் வச்சீங்கன்னு சொல்லுங்க.