சந்துக்குள் முப்பத்தெட்டு அடி

வடசென்னை எர்ணாவூரில் எங்கள் சந்துக்குள் வருகிற எல்லாரும், ஷெட்டில் நான் கட்டுகிற முப்பத்தெட்டு அடி பாய்ப்படகை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இத எப்பிடிங்க வெளிய எடுப்பீங்க?" தண்ணி கேன் போடுகிற பையன் கேட்டான், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் கேட்டார், என் சம்பந்தியும் கேட்டார். இது மிதக்குமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கன்டெய்னர் டிரெய்லர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டு தெருவே ஸ்தம்பித்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள், எது நிஜமான சிக்கல் என்று அவர்களுக்குத் தெரியும்.

நானும் படகைத் தேடுவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தது சந்தின் அகலத்தைத்தான். மின்கம்பத்துக்கும் எதிர்வீட்டுப் படிக்கட்டுக்கும் நடுவே ஒன்பது அடி. ஷெட் பிரச்சினை இல்லை. அப்பா லாரி பாடி கட்டிய இடம், நீளம் ஐம்பதடிக்கு மேல். வாசல்தான் விதி.

வீட்டில் கட்டுகிற பெரிய இரட்டை உடல் பாய்ப்படகுக்கு கிட் என்று தேடினால் இரண்டு ஜாதி கிடைக்கும். ஒன்று, இரண்டு உடலையும் மேல்தளத்தையும் நடு அறையையும் ஒரே துண்டாகக் கட்டுவது. நடுவில் லேசான பால்சா மரமோ நுரையோ வைத்து இரண்டு பக்கமும் கண்ணாடி இழை ஒட்டிய பலகைகள், மெஷினில் வெட்டி எண் போட்டு வரும். படத்தில் பார்த்தால் பங்களா. ஆனால் கட்டி முடித்தால் இருபது அடிக்கு மேல் அகலம். கடற்கரையிலேயே ஷெட் வைத்திருப்பவனுக்குத்தான் அது. இன்னொன்று, இரண்டு உடலைத் தனித்தனியாகக் கட்டி, தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குறுக்குச் சட்டங்களால் இணைப்பது. ஒரு உடலின் அகலம் ஆறு அடிக்குள். அது என் சந்துக்கு ஆகும்.

இந்த இரண்டாவது வழியில் பெரிய பெயர் ஜேம்ஸ் வாரம் என்கிற ஆங்கிலேயர். 1928இல் மான்செஸ்டரில் பிறந்தவர், 2021இல் இறந்தார். 1955இல், தானே கட்டிய இருபத்து மூன்றரை அடி இரட்டைப் படகில் இரண்டு பெண்களோடு கிளம்பி அட்லாண்டிக்கைத் தாண்டி டிரினிடாட் போனார். அங்கேயே நாற்பதடியில் இன்னொன்றைக் கட்டி 1959இல் வடக்கு அட்லாண்டிக் வழியாகத் திரும்பினார். அதன்பிறகு வாழ்நாள் முழுக்க, கையில் காசு குறைவாக உள்ளவன் வீட்டில் பிளைவுட்டில் கட்டிக்கொள்வதற்கான வரைபடங்களை விற்றார். அவருடைய பிற்காலப் படகுகளில் குறுக்குச் சட்டங்களை உடலோடு இணைப்பது கயிறு. போல்ட் கிடையாது.

கப்பல் என்ஜின் ரூமில், முறுக்கு அளந்து போல்ட் இறுக்கும் டார்க் ஸ்பேனரோடு காலம் தள்ளியவன் நான். கயிறு என்றதும் முகம் சுளித்தேன். யோசித்தால் காரணம் இருக்கிறது. போல்ட் போட்டால் அலையின் முறுக்கு மொத்தமும் ஒரு துளையில் வந்து உட்காரும். மரம் நசுங்கும், துளை பெரிதாகும், உள்ளே தண்ணீர் இறங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கயிற்றுக் கட்டு அந்த விசையைப் பல சுற்றுகளில் பிரித்து வாங்கிக்கொள்கிறது. இரண்டு உடலும் கொஞ்சம் ஆடும், ஒடியாது. நைந்தால் கண்ணுக்குத் தெரியும், அவிழ்த்து வேறு கட்டலாம். எனக்கு உதவிக்கு வருகிற காசிமேட்டு ஃபைபர் மேஸ்திரியிடம் இதை விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்தினார். "எங்க தாத்தா கட்னது கயித்துலதான் சார். இத போய் படிச்சிகினு வந்து சொல்றீங்களே."

கிட் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தவை: வெட்டிய பிளைவுட் பலகைகள், குறுக்குத் தடுப்புகள், ஒரு கத்தை வரைபடம். பாய்மரம், பாய், கயிறு, என்ஜின், இழையைப் பிடித்து இறுகும் பசையான ரெசின், கண்ணாடி இழைத் துணி எதுவும் கிடையாது, அதெல்லாம் நம் பாடு. நட்டு போல்ட்டுக்குச் செம்புதாஸ் தெரு, கெமிக்கலுக்கு நைனியப்பன் தெரு என்று பாரிமுனைப் பக்கம் அலைந்த அலைச்சல் தனி. மொத்தச் செலவை இங்கே எழுதப் போவதில்லை. என் மனைவி இதைப் படிப்பாள்.

உடல் எழும்புகிற வேகம் ஆளை ஏமாற்றும். பலகைகளின் முனைகள் ஒன்றுக்குள் ஒன்று பல்லாகப் பொருந்தும்படி வெட்டியிருக்கிறார்கள், ஒட்டினால் முழு நீளம் கிடைத்துவிடும். அடி ஓரத்தில் துளை போட்டுச் செம்புக் கம்பியால் இரண்டு பலகையைத் தைத்து, புத்தகத்தைப் பிரிப்பதுபோல விரித்துத் தடுப்புகளை உள்ளே நிறுத்தினால், காலையில் பலகையாகக் கிடந்தது சாயங்காலம் அணியம் என்கிற முன்முனையும் ஏரா என்கிற அடிமுதுகுமாகப் படகு வடிவில் நிற்கும். தெருவே வந்து பார்த்தது. "அடுத்த மாசம் தண்ணில வுட்ருவீங்க" என்றார்கள். கிட் மிச்சப்படுத்துவது அளப்பதையும் அறுப்பதையும் மட்டும். மூலைகளில் கெட்டிப் பசையை வளைவாக இழுப்பது, துணி ஒட்டுவது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு, இதெல்லாம் முழுசாக நம் தலையில்தான். இதோடு உள்வேலை, பாய்மரம், வயரிங் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வெறும் உடல் என்பது மொத்த வேலையில் சின்னப் பங்கு.

மேஸ்திரிக்கும் எனக்கும் உண்மையான சண்டை ரெசினில்தான் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகு பெருகியபோது வேலை கற்றவர் அவர். கை சுத்தம், கண் சுத்தம். ஆனால் அவர் பழகியது பாலியெஸ்டர் ரெசின். எனக்கு வேண்டியது எபாக்ஸி. முதல் நாளே டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெயிலு இப்பிடி கொளுத்துது, ஹார்ட்னர கொறச்சு வுடுங்க சார். இல்லன்னா டப்பாவுலயே கல்லாயிடும்."

அவர் ரெசினுக்கு அது சரி. பாலியெஸ்டரில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குதான், இறுக வைக்கிற ஹார்ட்னர் என்று ஊற்றுகிறோம், அது தீ மூட்டுகிற வேலையை மட்டும் செய்யும். வெயிலில் குறைக்கலாம், குளிரில் கூட்டலாம். எபாக்ஸியில் ஹார்ட்னரும் கட்டடத்தில் ஒரு செங்கல். என் டப்பாவில் போட்டிருப்பது ஐந்துக்கு ஒன்று. அதைக் குறைத்தால் ஜோடி கிடைக்காத ரெசின் அப்படியே நின்றுவிடும், எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் இளகியே இருக்கும். சீக்கிரம் இறுகாமல் இருக்க வேண்டுமென்றால் மெதுவாக வேலை செய்யும் ஹார்ட்னராகப் பார்த்து வாங்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், கலந்ததை டப்பாவில் வைத்திருக்காமல் அகலத் தட்டில் ஊற்றிச் சூட்டைப் பரவ விட வேண்டும். ஆழமான டப்பாவில் விட்டால் அதன் சூட்டிலேயே அது கொதித்துப் புகையும்.

வாயால் சொல்லி ஆகாது என்று இரண்டு துண்டு பிளைவுட்டில் அவர் கணக்கு ஒன்று, டப்பாக் கணக்கு ஒன்று தடவி ஷெட் கூரைமேல் போட்டோம். அவரே ஏறி எடுத்து வந்தார். தன் துண்டில் நகத்தை அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழுந்தது. "சரி சார், இது வேற சாமி. வேற படையல்" என்றார். அதோடு முடிந்தது. இப்போது தராசில் வைத்து அளக்காமல் யாரையும் கலக்க விடுவதில்லை, என்னையும் சேர்த்து.

அவர் கொண்டுவந்த 'மேட்' என்கிற கண்ணாடி இழை விரிப்பும் இதற்கு ஆகவில்லை. நறுக்கிய இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரையும். எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை, மேட் வெள்ளையாக விறைத்துக்கொண்டு நிற்கும். நெய்த துணியும் தைத்த துணியும்தான் இதற்கு.

இன்னொரு விஷயத்தில் இன்றைக்கும் அவர் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. கனம். டிராக்டரில் கட்டி மணலில் இழுத்து, துறைமுகத்தில் பக்கத்துப் படகோடு இடித்துக்கொண்டு கிடக்கிற ஃபைபர் படகு தடிமனாகத்தான் இருக்க வேண்டும். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இரட்டை உடல் படகின் உடல் ஒல்லி. அகலமான படகில் ஏற்றும் சுமை அதைக் கொஞ்சம்தான் அமுக்கும், ஒல்லியானதில் அதே சுமை கூடுதலாக அமுக்கும். அமுங்கினால் வேகம் போகும், குறுக்குத் தளம் தண்ணீரை நெருங்கி அடியில் அலை வந்து அறையும். ஒக்குமே மரத்தில் செய்த ஒன்பது மில்லி எட்டுக்கு நாலு பலகை சுமார் 13 கிலோ. அதே அளவு குர்ஜன் பலகை, நம் கடைகளில் கடல் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரையோடு கிடைப்பது, 18 கிலோவைத் தாண்டும். நல்ல பலகைதான், ஆனால் படகு முழுக்கப் போட்டால் இறங்குமுன்பே பயணிகளை ஏற்றிவிட்ட மாதிரி. தரைக்கும் படிக்கும் மட்டும் வாங்கினேன்.

ரெசினும் அப்படித்தான். துணி நனைந்ததற்கு மேல் ஊற்றுகிற ஒவ்வொரு சொட்டும் கனத்தைக் கூட்டும், பலத்தைக் கூட்டாது. பலம் இழையில் இருக்கிறது. முதல் பூச்சில் நெசவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேஸ்திரி அதைப் பார்த்துப் பரிதவிப்பார்: "துணி பசியா கீது சார். இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" நான் வேண்டாம் என்பேன். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் ஊற்றியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

காற்று நம் ஊருக்கே உரிய தலைவலி. கோடையில் காலையில் மேற்கிலிருந்து வறட்டுக் காற்று, மதியத்துக்கு மேல் கடல் காற்று. மரத்துக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. வெயில் ஏறும்போது பூசினால் அது விரிந்து வெளியேறி, பூச்சு முழுக்கக் குமிழியிடும். அதனால் சூடு இறங்கும் நேரத்தில், நாலு மணிக்கு மேல் பூச வேண்டும். ஆனால் அந்நேரம் கடல் காற்று ஈரத்தோடு நிற்கும், ஈரத்தில் எபாக்ஸியின் முகத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் பிடிக்கும். கிழக்குப் பக்கம் தார்ப்பாய் கட்டி ஓரளவு சமாளிக்கிறேன். மறுநாள் காலை தண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற நாரும் வைத்து அந்தப் படலத்தைக் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாளைத் தொடலாம். கழுவாமல் தேய்த்தால் அதை உள்ளே தேய்த்துவிடுவோம், அடுத்த பூச்சு பிடிக்காது. இதற்கு மேல் எண்ணூர் நெடுஞ்சாலையின் தூசி. ஈரப் பூச்சின்மேல் கருப்பு மிளகுத்தூள் தூவியது போல வந்து உட்காரும். அடையாறில் கட்டுகிறவனுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

கையுறை விஷயத்தில் மட்டும் நான் ஹிட்லர். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போவதில்லை, பிறகு டப்பாவைத் திறந்தாலே தோல் தடிக்கும். காசிமேட்டு வழக்கப்படி தின்னரில் கை கழுவினால் அது ரெசினைக் கரைத்துத் தோலுக்குள்ளேயே அனுப்பும். சோப்பு போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பலகைகள் பாதி தைத்தும் பாதி பெட்டியிலும் இருந்தன. ஹாலோ பிளாக் அடுக்கி எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு ஏற்றியிருந்ததால் தப்பின. மேஸ்திரிக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை வந்து படிந்தது. கழிமுகத்தில் நின்ற படகுகளும் வலைகளும் கருப்பாயின. சொந்தக்காரர்களின் படகுகளைச் சுரண்டிக் கழுவவே அவருக்குப் பல வாரங்கள் போயின. என் வேலை அப்படியே நின்றது. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வருடா வருடம் நிற்பது இன்னொரு காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. விசைப்படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுது பார்க்க வரும், காசிமேட்டில் ஒரு ஃபைபர் ஆள்கூடச் சும்மா இருக்க மாட்டார். நடுவில் கத்திரி வெயில் வேறு. அந்த இரண்டு மாதமும் நான் தனியாகத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

இறக்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை பெரும்பாலும் கருங்கல் கொட்டிய கரை, மணலில் தள்ளி இறக்கும் ஜம்பமெல்லாம் இங்கே பலிக்காது. கழிமுகத்தில் ஒரு ஓரம், இல்லாவிட்டால் துறைமுகப் பக்கம். ராத்திரியில் உடலுக்கு ஒரு நடையாக டிரெய்லரில் ஏற்றிப் போய், அங்கேயே சட்டங்களை வைத்துக் கயிறு கட்ட வேண்டும். வாடைக் காலம் முடிந்து கடல் தணிந்த பிறகுதான் இதெல்லாம்.

இப்போதைக்கு ஓடுவது பெயிண்ட் சண்டை. மேஸ்திரிக்கு முழுப் படகும் கருநீலம் வேண்டும். நம் வெயிலில் கரும் நிறம் சூட்டை வாங்கினால், சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி இளக ஆரம்பிக்கும், துணியின் நெசவு வெளியே தெரியும். வெள்ளைதான் அடிக்க வேண்டும். கடைசியில், நீர்மட்டத்தை ஒட்டி ஒரு நீலக் கோடு என்று சமாதானமானோம். அவர் ஒரு முழம் கேட்கிறார், நான் நாலு விரற்கடையில் நிற்கிறேன்.