புது ஆயிலையும் வடிகட்ட வேண்டியிருந்தது

2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஜெனரேட்டர் பராமரிப்பு என் பொறுப்பு. இன்ஜின்களுக்கு ஓய்வே கிடையாது. ஓவர்ஹாலுக்குக் கழற்றிய ஒரு இன்ஜினின் பேரிங்குகளில், நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற அளவுக்குக் கீறல்கள். ஆயிலையும் ஃபில்டரையும் ஒருமுறைகூடத் தள்ளிப்போடாமல் மாற்றியிருந்தோம்.

போர்மேன் அண்ணனிடம் புது ஆயிலைச் சோதிக்கலாமா என்றேன். "சீல் உடைச்சு ஊத்துறோமுங்க தம்பி, அதுல என்ன இருக்கப் போகுது?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் சாம்பிள் அனுப்பினோம். ஆயிலில் எத்தனை துகள்கள் என்று சொல்லும் சர்வதேச அளவுகோலான ஐ.எஸ்.ஓ. 4406 கணக்கில் 21/19/16 என்று வந்தது. முதல் எண் 21 என்றால், ஒரு மில்லிலிட்டர் ஆயிலில் 4 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள்கள் 10,000-க்கு மேல், 20,000 வரை. மற்ற இரண்டு எண்களும் இன்னும் பெரிய துகள்களுக்கு. பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் நிற்கிற ஆயில் படலமோ சில மைக்ரான்தான். சுமார் 40 மைக்ரானுக்குக் கீழே வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

ஆயிலைக் கரைப்பானில் கலந்து நுண்துளைத் தாளில் இறக்கிய வட்டத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். வெள்ளைத் தாள் சாம்பல் நிறத்தில் இருந்தது. லென்ஸில் பார்த்தால் செம்பழுப்புத் துருப்பொடி, மினுக்கும் மணல், நடுவே சுருண்டு கிடக்கும் ஒரு வெள்ளை இழை. இழையைப் பார்த்ததும் அண்ணன் பேசவில்லை. புனலில் பனியன் துணி கட்டித்தான் நாங்கள் ஆயில் ஊற்றுவோம், சுத்தமாக இருக்கட்டும் என்று. துருவுக்கும் மணலுக்கும் காரணம் ஸ்டோருக்கு வெளியே இருந்தது. 210 லிட்டர் பேரல்கள் வெட்டவெளியில் நட்டுக்க நிற்கும். மழை பெய்தால் மேல்தகட்டில் துருவும் மணலும் கலந்த தண்ணீர் தேங்கும். பகல் சூட்டில் உள்ளே காற்று விரியும். இரவில் சுருங்கும்போது மூடியின் மரை வழியாக அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

இன்ஜின் ஃபில்டர் பிடிக்காதா என்று மேனேஜர் கேட்டார். முழுக்கப் பிடிக்காது. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், ஃபில்டரைச் சுற்றிப் போக வழிவிடும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே பேரிங்குக்குப் போகலாம்.

சரி, எதில் வடிகட்டுவது? எலக்ட்ரீஷியன் சொன்ன யோசனை ஆசை காட்டியது. டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் சுத்தம் செய்யும் மெஷின் ஆலையிலேயே இருந்தது, செலவில்லை. ஆனால் அதில் இருப்பது ஃபுல்லர்ஸ் எர்த் மண். டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலில் சேரும் அமிலத்தை இழுக்கிற அந்த மண், இன்ஜின் ஆயிலில் காசு கொடுத்து வாங்கிய, இன்ஜினுக்குள் அழுக்குப் படியாமல் காக்கும் டிடர்ஜென்டையும் தேய்மானத் தடுப்பு மருந்தையும் சேர்த்தே இழுத்துவிடும். கண்ணாடி போல ஆயில் வரும், சத்து இருக்காது. நான் பிடிவாதமாக மறுத்தேன், இன்று கேட்டாலும் மறுப்பேன். வேகமாகச் சுழற்றி அழுக்கைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ், இன்ஜினில் ஓடின ஆயிலின் கரியை எடுக்க அருமையானது. மாதம் சில பேரலுக்கு அது அதிகம். போதாததற்கு, டிடர்ஜென்ட் உள்ள ஆயில் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். சுழற்றினாலும் லேசில் பிரியாது.

கடைசியில் ஒரு தள்ளுவண்டி: சின்ன கியர் பம்ப், கண்ணாடி இழை ஃபில்டர். கடைக்காரர் முதலில் காட்டியது '10 மைக்ரான் நாமினல்' பேப்பர் ஃபில்டர். நாமினல் என்றால் எத்தனை சதவீதம் பிடிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. நாங்கள் கேட்டு வாங்கியது 10 மைக்ரானில் பீட்டா 200, அதாவது அந்த அளவும் அதற்கு மேலும் உள்ள 200 துகள் போனால் ஒன்றுதான் தப்பும். 3 மைக்ரானுக்குக் கீழே போகவில்லை. அவ்வளவு நுணுக்கினால் நுரைத் தடுப்பு மருந்தும் சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு.

முதல் வாரமே தவறினோம். மார்கழிக் காலையில் ஓட்டினால் பிரஷர் முள் ஏறி வண்டியின் பைபாஸும் திறந்துவிட்டது. நாங்கள் ஊற்றும் 15டபிள்யூ-40 ரக ஆயிலுக்கு 40 டிகிரியிலேயே சுமார் 110 சென்டிஸ்டோக் கெட்டித்தனம், அதிகாலையில் இன்னும் சில மடங்கு. பெரிய ஃபில்டர் கூடு மாட்டி, ஓட்டத்தைக் குறைத்து, வேலையை மதியத்துக்கு மாற்றினோம். ஒவ்வொரு பேரலிலும் சில சொட்டைச் சூடான தட்டில் விட்டுப் பார்ப்போம். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது, அந்தப் பேரல் திரும்பிப் போகும்.

அடுத்த ரிப்போர்ட் 17/15/12. முதல் எண்ணில் 4 குறைந்தால் துகள் பதினாறில் ஒரு பங்கு. பேரல்கள் கூரைக்குள் போய், மூடிகள் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும்படி படுத்துக்கொண்டன. பனியன் துணிப் புனலை அண்ணனே எடுத்துப் போட்டுவிட்டார். வண்டியின் ஹோஸ் முனைக்கு அவரே ஒரு மூடி கடைந்து, சங்கிலி போட்டு மாட்டினார்.