46 இருக்கு மேடம், நார்மல்தான்

மூன்றாவது கருவும் துடிப்பை நிறுத்திவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்த மறுநாள், கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்ய என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் நர்ஸிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எடுக்கிற திசுவை எதில் போடுவீங்க?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஃபார்மலின் வேண்டாம். நார்மல் சலைன்ல போடுங்க, மூடின கிருமியில்லாத டப்பாவில்" என்று சொன்னேன். மயக்கத்துக்குப் போகுமுன் இன்னொரு முறையும் சொன்னேன். வெளியே கணவர் கையிலும் அதையே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

இந்தப் பிடிவாதம் இரண்டாவது முறை பட்டதில் வந்தது. முதல் முறை எட்டாவது வாரத்தில் போனது. யாருக்கும் வரலாம், அடுத்து பார்ப்போம் என்றார்கள். அது பொய்யில்லை, ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் பாதிக்கும் மேல் குரோமோசோம் எண்ணிக்கைப் பிசகால் (இயல்பாக 46 இருக்க வேண்டும்) போகிறவைதான். இரண்டாவது ஒன்பதாவது வாரத்தில். இம்முறை காரணம் தெரிய வேண்டும் என்று டாக்டரே திசுவைச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் தியேட்டரில் இருந்த யாரோ பழக்கதோஷத்தில் அதை ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். ஃபார்மலின் செல்லைக் கொன்று பதப்படுத்திவிடும். செத்த செல்லை வளர்த்து குரோமோசோம் எண்ண முடியாது. மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய தாளில் இருந்தது ஒரே வரி: கருத்திசு காணப்பட்டது. அது எனக்குத் தெரியாதா என்ன?

(ஏற்கெனவே ஃபார்மலினில் போய்விட்டதா? உடனே கைவிட வேண்டாம். அதை மெழுகுக் கட்டியாக்கி நோய்க்குறியியல் பிரிவில் வைத்திருப்பார்கள். அதிலிருந்து டி.என்.ஏ எடுத்து, குரோமோசோம் சரக்கு கூடியதா குறைந்ததா என்று மைக்ரோஅரே சோதனையில் பார்க்கிற லேப்கள் உண்டு. எனக்கு இதை அப்போது யாரும் சொல்லவில்லை.)

மூன்றாவது மாதிரி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. கூடவே என் ரத்தமும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள், வளர்ந்தது குழந்தையின் செல்லா என்னுடையதா என்று ஒப்பிட. இதைக் கேட்டு வாங்குங்கள். பெண் குரோமோசோம், எல்லாம் சரி என்று முடிவு வந்தால், அது அம்மாவின் செல்லாகவே இருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்துவிட்டதா என்று போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் தாளைப் பார்த்துச் சொன்னார்: "46 இருக்கு மேடம், நார்மல்தான். டாக்டரைப் பார்க்கும்போது வாங்கிக்கோங்க." டாக்டரின் அடுத்த நேரம் ஒன்பது நாள் தள்ளிக் கிடைத்தது.

அந்த ஒன்பது நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குழந்தை நன்றாக இருந்திருக்கிறது, அப்படியென்றால் தப்பு என் உடம்பில். மாடிப்படி ஏறியது, வாளி தூக்கியது, கோபப்பட்டுக் கத்திய ஒரு ராத்திரி, எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன். வீட்டில் யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நானே எனக்குப் போதுமாக இருந்தேன்.

டாக்டர் தாளை விரித்ததும் முகம் மாறியது. "யார் நார்மல்னு சொன்னது?" 46 சரிதான். ஆனால் அதில் ஒன்று, 13-ஆம் குரோமோசோமும் 14-ஆம் குரோமோசோமும் ஒட்டிப்போன ஒற்றைத் துண்டு. அதற்கு மேல் தனியாக 14 இரண்டு. ஆகமொத்தம் 14-ஆம் குரோமோசோமின் சரக்கு மூன்று பங்கு. அது பெரும்பாலும் முதல் மூன்று மாதம் தாண்டாது. எண்ணிக்கை மட்டும் ஒட்டுதலால் 46 என்று வந்திருக்கிறது. முடிவைப் போனில் கேட்காதீர்கள். கேட்டாலும் எண்ணிக்கையைக் கேட்டுத் திருப்திப்படாதீர்கள், முழு வரியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஒட்டிய துண்டு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அதனால் எங்கள் இருவருக்கும் கேரியோடைப், அதாவது ரத்தத்தில் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் சோதனை, எழுதிக் கொடுத்தார். திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகளில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து ஜோடிகள் வரை, இருவரில் ஒருவருக்கு இப்படி ஏதாவது குரோமோசோம் இடமாற்றம் இருக்கும் என்றார்.

வெறும் ரத்தப் பரிசோதனைதானே என்று வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து போனோம். அங்கே தொடங்கியது அடுத்த கூத்து. முதலில் என் பெயருக்கு மட்டும் பில் போட்டார் அங்கிருந்தவர். "சாருக்கு எதுக்கு? பிரச்சனை உங்களுக்குத்தானே?" சீட்டில் இரண்டு பெயரும் இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த வாதத்தில் ஊசி போட்ட பையன் எந்தக் குழாயில் பிடித்தான் என்று நான் கவனிக்கவில்லை. ஆறு நாள் கழித்து செய்தி வந்தது: தவறான குழாய், மாதிரி நிராகரிக்கப்பட்டது, மீண்டும் வரவும்.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ இருக்கும். டி.என்.ஏ சோதனைக்கு அதுதான் சரி. கேரியோடைப்புக்கு வேண்டியது பச்சை மூடி, சோடியம் ஹெப்பாரின். ஏனென்றால் இங்கே உயிருள்ள வெள்ளையணுக்கள் தேவை. அவற்றை லேபில் சுமார் மூன்று நாள் வளர்த்து, பிரிந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தி, சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார்கள். ஃப்ரீசரில் வைத்தாலும் போச்சு. இரண்டாம் முறை திங்கட்கிழமை காலையில் போனோம், சனி ஞாயிறு எங்காவது மேசையில் கிடக்காமல் இருக்க. நீட்டிய குழாயைப் பார்த்து "பச்சைதானே?" என்று கேட்டேன். "ஆமாங்க, நீங்க லேபா?" என்றான் அதே பையன். சிரிப்பு வந்துவிட்டது.

கணவருக்கு 46, எந்தக் குறிப்பும் இல்லை. எனக்கு 45.

உயிரோடு நடமாடும் ஒருத்திக்கு ஒன்று குறைகிறது என்று படிப்பது விசித்திரமான அனுபவம். ஜெனடிக் கவுன்சிலரை, அதாவது மரபணு ஆலோசகரைப், பார்க்க ஆறு வாரம் ஆனது. பார்த்த ஒரு மணி நேரம் அதற்குத் தகும். அவர் ஒரு காகிதத்தில் இரண்டு குச்சிகளை வரைந்து, மேல் நுனிகளைக் கிழித்து எறிந்துவிட்டு, மீதியை ஒட்டிக் காட்டினார். 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்துக்கும் மேல்கை ரொம்பக் குட்டை. அதில் உள்ள முக்கியமான சரக்கு மற்றவற்றிலும் இருப்பதால் இரண்டு துணுக்கு போனாலும் உடம்புக்குத் தெரியாது. இந்த ஒட்டுக்கு ராபர்ட்சோனியன் இடமாற்றம் என்று பெயர். 1916-இல் ராபர்ட்சன் என்பவர் முதலில் கண்டது வெட்டுக்கிளிகளிலாம். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது, அதிலும் 13-14 ஜோடிதான் அதிகம். குழந்தைக்கு 46 இருந்தும் சரியில்லை, எனக்கு 45 இருந்தும் குறையில்லை.

சிக்கல் முட்டை உருவாகும்போதுதான். ஆறு வகையாகப் பிரியலாம்: ஒன்று முழு இயல்பு, ஒன்று என்னைப் போல், மற்ற நான்கில் ஏதாவது கூடும் அல்லது குறையும். ஆறில் நான்கா என்று நான் கணக்குப் போடத் தொடங்கினேன். அப்படியில்லை, நல்ல இரண்டு வகைகள்தான் நிஜத்தில் அதிகம் வரும் என்றார். குறைந்தவை பெரும்பாலும் கர்ப்பம் என்று தெரியுமுன்பே போய்விடும். 14 கூடினால் எனக்கு நடந்ததுதான். 13 கூடியது அரிதாகப் பிறப்பு வரை வரலாம். அதற்காகத்தான் அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசு சோதனையோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர்ச் சோதனையோ செய்துகொள்ளலாம். இரண்டு 14-உம் அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்தே வந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கச் சொன்னார்.

ஐ.வி.எஃப் செய்து கருவைச் சோதித்து வைக்கும் வழியும் உண்டு. கலைவது குறையும், ஆனால் இயற்கையாக முயல்வதைவிட அதிகம் பேருக்குக் குழந்தை கிடைக்கிறது என்று உறுதியாகவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். எங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோர் காத்திருந்தே பெற்றிருக்கிறார்கள். நாங்கள் இயற்கையாகவே முயல்வது என்று முடிவு செய்தோம். என் வயது இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இரண்டாவதுக்குப் பிறகு வேறொரு இடத்தில் "மொத்தமாகப் பார்த்துடலாம்" என்று ரத்த உறைவுச் சோதனைகளை ஒரு கட்டாக எடுத்தார்கள். எம்.டி.எச்.எஃப்.ஆர் என்ற மரபணுவில் மாறுபாடு இருக்கிறது என்று வந்தது. நான் இரண்டு நாள் தூங்கவில்லை. அது ஏராளமான பேருக்கு இருக்கிற சாதாரண மாறுபாடு, கரு கலைவதற்கு அதைச் சோதிக்க வேண்டாம் என்பதுதான் நிபுணர்களின் வழிகாட்டுதல். ரத்தம் அதிகம் உறையாமல் காக்கும் புரதம் எஸ் குறைவு என்றும் வந்தது. கர்ப்பத்தில் அது தானாகக் குறையும், கலைந்த கையோடு எடுத்தால் அப்படித்தான் வரும். சில மாதம் கழித்து எடுத்தேன், சரியாக இருந்தது. உண்மையில் பார்க்க வேண்டியது, ரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள். பரம்பரையில் வருவதில்லை, ஆனால் மருந்து உள்ள காரணம். 12 வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு முறையும் இல்லை.

கவுன்சிலர் வீட்டில் மற்றவர்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அக்காவிடம் சொல்லத் தயங்கினேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், ஒன்றுகூடக் கலைந்ததில்லை. "எனக்கு இருக்காதுடி" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அவளுக்கும் 45. அன்று ராத்திரி போன் செய்து ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் இருந்தாள். பிறகு, "எனக்கு எப்படி விட்டுச்சு?" என்று மட்டும் கேட்டாள். பிள்ளைகளுக்கு இப்போதே பார்க்க வேண்டியதில்லை, பெரியவர்களான பின் அவர்களே முடிவெடுக்கட்டும் என்று கவுன்சிலர் சொன்னதைச் சொன்னேன்.

போன வாரம் புதிய மருத்துவமனையில் பதிவு செய்யப் போனேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் என் தாளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "மேடம், இதுல 45னு அடிச்சிருக்காங்க. லேப்ல தப்பு பண்ணிட்டாங்க போல, 46னு மாத்திப் போட்டுரட்டுமா?"

"வேண்டாங்க" என்றேன். "அது சரியாத்தான் இருக்கு."