சுண்டுவிரல் மரத்தது, சோதித்ததோ வேறொரு நரம்பை

நரம்புக் கடத்தல் சோதனைக்கென்று எனக்குக் கொடுக்கப்பட்ட பரிந்துரைச் சீட்டில் இருந்தது ஒரே வரி: "கை மரத்துப்போகிறது, கார்பல் டனலா எனப் பார்க்கவும்." எந்த விரல்கள், உள்ளங்கையா புறங்கையா, மணிக்கட்டுக்கு மேலே உணர்ச்சி எப்படி இருக்கிறது என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. ஒரே அமர்வில் முடிந்திருக்க வேண்டிய வேலை மாதக்கணக்கில் இழுத்ததற்கு அந்த ஒற்றை வரியே காரணம். என்.சி.எஸ். (இந்த நரம்புக் கடத்தல் சோதனை), இ.எம்.ஜி. (தசையில் ஊசி செருகி மின்குறிகளைப் பார்ப்பது) ஆகிய சோதனைகளுக்குச் செல்லவிருப்பவர்கள் எனக்கு நேர்ந்த அலைச்சலைத் தவிர்க்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு மரத்தது சுண்டுவிரல் முழுவதும், மோதிர விரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதியும். மோதிர விரலின் மறுபாதியைப் பஞ்சால் தொட்டாலும் தெளிவாகத் தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு இந்த விரலை இரண்டு நரம்புகள் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. சுண்டுவிரல் பக்கம் அல்னார் நரம்புக்கு உரியது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் உள்ளங்கைப் பக்கமும் மோதிர விரலின் எஞ்சிய பாதியும் மீடியன் நரம்புக்கு உரியவை. கார்பல் டனல் என்பது மணிக்கட்டில் 9 தசைநாண்களோடு மீடியன் நரம்பு நெருக்கியடித்துக்கொண்டு செல்லும் குறுகிய வழி. அல்னார் நரம்பு அதற்குள் நுழைவதே இல்லை, பக்கத்தில் தனி வழியாகக் கைக்குள் இறங்குகிறது. கார்பல் டனல் உள்ளவர்களிலும் சிலர் கை முழுவதும் மரப்பதாகச் சொல்வதுண்டு என்பது உண்மைதான். ஆனால் சுண்டுவிரல் மட்டும் மரத்து ஆள்காட்டி விரல் முழு உணர்ச்சியோடு இருப்பவரிடம் முதலில் ஐயப்பட வேண்டிய இடம் அதுவல்ல.

சோதனைக் கூடத்தில் தொழில்நுட்பர் ஆள்காட்டி விரலில் வளைய மின்முனைகளை மாட்டி, மணிக்கட்டில் மின்துடிப்பு கொடுத்து, அலைகளைப் பதிவு செய்தார். பிறகு கட்டை விரலின் அடியில் உள்ள தசையைப் பரிசோதித்தார். மரத்திருப்பது சுண்டுவிரல் என்று நான் சொன்னபோது, சீட்டில் மீடியன் நரம்புக்கான சோதனைதான் கேட்கப்பட்டிருக்கிறது என்றும், கூடுதல் நரம்பைப் பார்க்க வேண்டுமானால் புதிய சீட்டு வேண்டும் என்றும் பதில் வந்தது. பதிவு மேசையில் இருந்தவரோ என் கையைப் பார்க்கவும் இல்லை. "எழுதியிருப்பதைத்தான் செய்ய முடியும், சார்" என்று கணினியைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். சீட்டைத் திருத்தித் தர வேண்டிய மருத்துவர் அன்று கிளம்பிவிட்டிருந்தார். கடைசியில் என் கைக்கு வந்தது "இயல்பு" என்று முடியும் ஒற்றைப் பக்க அறிக்கை. நோயில்லாத நரம்பைச் சோதித்தால் வேறெப்படி இருக்கும்?

அந்த "இயல்பு" செய்த கெடுதல் சிறிதல்ல. கையில் கோளாறு இல்லை என்றால் கழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று அடுத்த மருத்துவர் முடிவுக்கு வந்தார். கழுத்து ஸ்கேனில் 5ஆவது, 6ஆவது முள்ளெலும்புகளுக்கு இடையிலான வட்டு சற்றுப் பிதுங்கியிருப்பது தெரிந்ததும், அதுவே காரணம் என்று கழுத்துப் பட்டையும் பயிற்சிகளும் தொடங்கின. தொந்தரவு எதுவும் இல்லாதவர்களின் ஸ்கேனிலும் வயது ஏற ஏற இத்தகைய பிதுக்கம் சாதாரணமாகக் காணப்படுகிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய இடறல் ஒன்று அதே தாளிலேயே இருந்தது. தண்டுவடத்திலிருந்து கிளம்பும் 31 இணை நரம்புகளில் கழுத்துக்கு உரியவை 8, கழுத்து முள்ளெலும்புகளோ 7. முதல் 7 நரம்புகள் தத்தம் எண்ணுக்குரிய முள்ளெலும்புக்கு மேலாகவும், 8ஆவது நரம்பு 7ஆவது முள்ளெலும்புக்குக் கீழாகவும் வெளியேறுகின்றன. ஆகவே 5க்கும் 6க்கும் இடையே பிதுங்கும் வட்டு வழக்கமாக நசுக்குவது 6ஆவது நரம்பை. அதன் எல்லை முன்கையின் வெளிப்பக்கமும் கட்டை விரல் பக்கமும். சுண்டுவிரலுக்கு வருவது 8ஆவது. ஸ்கேனில் தெரிந்த இடத்துக்கும் எனக்கு மரத்த இடத்துக்கும் தொடர்பில்லாதபோது, பட்டை கட்டிக்கொண்டு நான் கழித்த வாரங்கள் வெறும் வீண்.

வழி திறந்தது மின்கருவி எதுவும் இல்லாத ஓர் அறையில்தான். பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர் ஒரு பஞ்சும் ஒரு தாளும் மட்டுமே பயன்படுத்தினார். முதலில் புறங்கையில் சுண்டுவிரல் பக்கத்தைத் தொட்டார், அங்கும் மரத்திருந்தது. அந்தப் பகுதிக்கான கிளை மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலேயே அல்னார் நரம்பிலிருந்து பிரிந்துவிடுவதால், கோளாறு மணிக்கட்டில் இல்லை, அதற்கு மேலேதான் என்பது உடனே தெரிந்துவிட்டது. அடுத்து முன்கையின் உட்புறத்தைத் தொட்டார். அங்கே உணர்ச்சி முழுமையாக இருந்தது. அந்தத் தோலுக்கான நரம்பு அல்னாரின் கிளையல்ல, கழுத்துக்கும் அக்குளுக்கும் இடையே உள்ள நரம்புப் பின்னலிலிருந்து தனியாக வருவது. எனவே பின்னலிலோ கழுத்திலோ கோளாறு இருப்பதற்கான வாய்ப்பு குறைந்தது. தாளைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடிக்கச் சொல்லி இழுத்தபோது, என் கட்டை விரலின் நுனிக் கணு தானாகவே மடங்கியது. கட்டை விரலைப் பக்கவாட்டில் அழுத்தும் தசை அல்னார் நரம்பின் கீழ் இயங்குவது. அது தளர்ந்தால், மீடியன் நரம்பின் கீழ் உள்ள மடக்குத் தசை உதவிக்கு வந்துவிடுகிறது. கடைசியாக முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னால் விரலால் தட்டினார். சுண்டுவிரல் நுனிவரை மின்னல் பாய்ந்தது. முழங்கை இடிபட்டால் 'சுரீர்' என்று இழுக்குமே, அதே இடம், அதே நரம்பு. அங்கே அது தோலுக்குச் சற்றுக் கீழே, எலும்புப் பள்ளத்தில், காப்பாக அதிகத் தசை இல்லாமல் செல்கிறது.

இம்முறை சீட்டு ஒரு பத்தி நீளம் இருந்தது. எந்த நரம்பு, எந்தெந்த இடங்களில், எந்தத் தசைகளில் ஊசி, எதை விலக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதப்பட்டிருந்தன. ஆனாலும் இன்னொரு தடை காத்திருந்தது. புதிய சோதனைக் கூடத்தில் பழைய சோதனையின் எண்களை ஒப்பிடக் கேட்டார்கள். என்னிடம் இருந்த ஒற்றைப் பக்கத்தில் எண்களே இல்லை. முதல் கூடத்துக்குப் போய் நின்றபோது, அறிக்கை கொடுத்தாகிவிட்டது, அதற்குமேல் தர எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மேற்பார்வையாளரைச் சந்தித்து எழுத்தில் கேட்ட பிறகுதான் அட்டவணையும் அலை வரைபடங்களும் அச்சாகி வந்தன. முடிவு வாசகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள்; ஒவ்வொரு நரம்புக்கும் உரிய தாமத நேரம், அலையின் உயரம், வேகம் ஆகியவை அடங்கிய அட்டவணையை அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் சோதனையின்போது அறை மிகவும் குளிர்ந்திருந்தது, என் விரல்களும் சில்லிட்டிருந்தன. தோலின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தாலே கடத்தும் வேகம் வினாடிக்குச் சுமார் 2 மீட்டர் குறையக்கூடும் என்று படித்திருந்ததால், வெப்பத்தை அளந்தீர்களா என்று கேட்டேன். தொழில்நுட்பர் சற்று வியந்தாலும் முகம் சுளிக்கவில்லை. அளந்து பார்த்து, கையை வெதுவெதுப்பான நீரில் வைக்கச் சொல்லி, 32 டிகிரியைத் தாண்டிய பிறகே தொடங்கினார். இந்த அலைச்சல் முழுவதிலும் எனக்குக் கிடைத்த இனிய வெற்றி அதுதான். கை சூடேறும்வரை அவர் கணக்கிடும் முறையை விளக்கினார். நரம்பை இரண்டு இடங்களில் தூண்டி, தசை துடிக்க எடுக்கும் நேரங்களின் வேறுபாட்டால் இடையிலான தூரத்தை வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். 1850இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் வேகத்தை அளந்ததும் இதே கழித்தல் கணக்கால்தான்.

என் அறிக்கையில் முன்கைப் பகுதியில் வேகம் வினாடிக்கு 58 மீட்டர். முழங்கையைக் கடக்கும் சிறு தொலைவில் மட்டும் 39. குளிர் காரணமாக இருந்திருந்தால் முன்கையிலும் வேகம் குறைந்திருக்க வேண்டும். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை நன்றாக இருந்தால், மின் அலை ஒரு ரான்வியர் கணுவிலிருந்து (உறையில் இடையிடையே உள்ள இடைவெளி) அடுத்ததற்குத் தாவிச் செல்கிறது. அழுத்தத்தால் அந்த உறை சிதையும் இடத்தில் தாவல் தடுமாறி வேகம் விழுகிறது. சுண்டுவிரலின் புலன் அலை, அதாவது தொடு உணர்ச்சி இழைகளில் பதிவாகும் அலை, உயரம் குறைந்திருந்ததும் கழுத்தைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவைத்தது. புலன் நரம்பு செல்களின் உடற்பகுதி தண்டுவடத்துக்குள் இல்லை, அதற்கு வெளியே முதுகெலும்பின் இடைத்துளையை ஒட்டிய நரம்பு முடிச்சில் இருக்கிறது. முடிச்சுக்கு உட்புறத்தில், தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு வேர் நசுங்கினால் விரல் மரத்தாலும், விரலிலிருந்து முடிச்சுவரை இழை சிதையாமல் இருப்பதால் அலை இயல்பாகவே பதிவாகும். என் அலை குறைந்திருந்ததால் கோளாறு முடிச்சுக்கு வெளியே இருந்தாக வேண்டும். ஊசிச் சோதனையில் கட்டை விரலின் அடித்தசை நலமாக இருந்தது மற்றொரு சான்று. அந்தத் தசைக்கும் இழைகள் கழுத்தின் 8ஆவது நரம்பிலிருந்தும் மார்பின் முதல் நரம்பிலிருந்தும்தான் வருகின்றன. ஆனால் அவை மீடியன் நரம்பின் வழியாக வருகின்றன. கோளாறு கழுத்தில் இருந்திருந்தால் அந்தத் தசையும் பாதிக்கப்பட்டிருக்கும்.

மின்துடிப்பு திடுக்கிட வைக்கும், வலி என்று சொல்லிவிட முடியாது. ஊசி வலிக்கும், அதிலும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள தசையில் குத்தும்போது கொஞ்சம் கூடுதலாக. அன்று கையில் எண்ணெயோ களிம்போ பூச வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொண்டாலோ பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். புதிதாக அடிபட்டவர்கள் அவசரப்பட்டு ஊசிச் சோதனைக்குப் போனால் ஏமாற நேரிடும். நரம்பிழை அறுந்த தசையில் அதற்குரிய மின்குறிகள் தோன்ற பொதுவாக 2 முதல் 3 வாரங்கள் ஆகும். உள்ளங்கால் எரிச்சல், சூடு குளிர் தெரியாமை போன்ற தொந்தரவு உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: இந்தச் சோதனை அளப்பது மயலின் உறை தடித்த, விரைவாகக் கடத்தும் இழைகளை மட்டுமே. வலியையும் வெப்பத்தையும் ஏந்திச் செல்லும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தாலும் அறிக்கை இயல்பாகவே வரலாம். அப்போது சோதனை இயல்பு, உங்களுக்கு ஒன்றுமில்லை என்று யாராவது அனுப்பிவைத்தால் அதை ஏற்றுக்கொண்டு வந்துவிட வேண்டாம்.

சிகிச்சை பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கையை நன்றாக மடக்கினால் அந்தப் பள்ளத்தில் அழுத்தம் கூடி நரம்பும் இழுபடுவதால், உறங்கும்போது கை மடங்காதபடி ஒரு துண்டைச் சுற்றிக்கொள்கிறேன். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுவதையும் கைபேசியைக் காதில் நெடுநேரம் வைத்திருப்பதையும் விட்டுவிட்டேன். மதமதப்பு பெருமளவு குறைந்துவிட்டது, பிடிப்பின் வலு மெதுவாகத் திரும்புகிறது. உறை பழுதானால் சீராக வாரங்களும் மாதங்களும் போதும். இழையே அறுந்திருந்தால் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், முழங்கையிலிருந்து கைத்தசைவரை வந்து சேர ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். தசை மெலிவது தொடர்ந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவோம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் ஒரு மறுசோதனை இருக்கிறது. முழங்கை நீட்டியிருக்கும்போதும் மடங்கியிருக்கும்போதும் அளக்கும் தூரம் மாறி, வேகமும் மாறித் தெரியும் என்பதால், முதலில் எந்தக் கோணத்தில் கையை வைத்து அளந்தார்கள் என்பதை அறிக்கையின் ஓரத்தில் கேட்டு எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.