குருவின் தலை விழுந்த இடத்தில்

டெல்லிக்கு வரும் நம்மூர்க்காரர்கள் செங்கோட்டையைப் பார்த்துவிட்டு எதிரே சாந்தினி சௌக்கில் நுழைந்து புடவைக்கடை, பராத்தாக் கடை என்று நேராகப் போய்விடுகிறார்கள். வழியில் சாலையை ஒட்டியே நிற்கும் சீக்கியக் கோயிலான குருத்வாரா சீஸ் கஞ்ச் சாஹிபை எல்லோரும் தாண்டித்தான் போகிறார்கள், உள்ளே போனவர்களைத்தான் அதிகம் பார்த்ததில்லை. நானும் மயூர் விஹாரில் இத்தனை வருஷமாகக் குடியிருந்து, நவம்பர் கடைசியில் குரு தேக் பகதூரின் நினைவு நாளன்று அங்கே போய் உட்கார்ந்தது, கீழ்வீட்டுச் சீக்கிய ஆன்ட்டி "சும்மா கூட வா பேட்டா, தனியாப் போனா இந்தத் தடவை எனக்குத் தாங்காது" என்று கூப்பிட்டதால்தான்.

1675 நவம்பரில் சீக்கியர்களின் ஒன்பதாவது குருவை ஔரங்கசீப்பின் ஆணைப்படி தலையை வெட்டிக் கொன்ற இடம் அது. 2025-இல் 350 வருஷம் நிறைந்தது. சீக்கியர்கள் சொல்லும் வரலாறு இதுதான்: கட்டாய மதமாற்றத்துக்குப் பயந்த காஷ்மீரப் பண்டிதர்கள் பஞ்சாபின் ஆனந்தபூருக்கு வந்து குருவிடம் முறையிட்டார்கள், அவர் அவர்களுக்காக டெல்லிக்குப் புறப்பட்டார். இதில் என்னை உலுக்குவது ஒன்றே ஒன்று. பண்டிதர்களின் பூணூல் அவருடைய வழிபாட்டில் கிடையாது, அந்தப் பரம்பரையின் முதல் குரு நானக்கே பூணூல் போட்டுக்கொள்ள மறுத்தவர், ஆனால் அதைப் போட்டுக்கொள்ளும் அடுத்தவரின் உரிமைக்காக இவர் உயிரைக் கொடுத்தார். தன் மதத்துக்காக உயிர் கொடுத்தவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம், இது அதற்கும் அப்பால். அவரை வெட்டுவதற்கு முன்னால் அவர் கண்ணெதிரிலேயே கூட வந்த மூன்று பேரைக் கொன்றார்கள். பாயி மதி தாஸை ரம்பத்தால் அறுத்தார்கள், பாயி தயாளாவைக் கொதிக்கும் கொப்பரையில் போட்டார்கள், பாயி சதி தாஸைப் பஞ்சில் சுற்றி எரித்தார்கள். இதை எழுதும்போதே கை நின்றுபோகிறது.

செருப்பை ஒப்படைத்து, தலையில் துணி கட்டி, வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போனோம். அவர் எந்த ஆலமரத்தடியில் கொல்லப்பட்டாரோ அந்த மரத்தின் அடிப்பகுதியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், சிறையில் இருந்தபோது அவர் குளித்ததாகச் சொல்லும் கிணறும் இருக்கிறது. மரத்துண்டுக்கு முன்னால் நிற்பவர்கள் யாரும் சத்தம் போட்டு அழவில்லை, கும்பிட்டுவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார்கள். மேலே கீர்த்தனம். அன்றைக்குப் பாடியதில் பெரும்பகுதி குரு தேக் பகதூர் எழுதிய பாடல்கள்தான். யாரையும் பயமுறுத்தாதவன், யாருக்கும் பயப்படாதவன், அவனே ஞானி என்று அவர் எழுதிய ஒரு வரி உண்டு. அதில் இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கென்னவோ முதல் பாதிதான் கஷ்டமானதாகப் படுகிறது.

கீர்த்தனம் முடிந்து எல்லோரும் எழுந்து நின்றார்கள், அர்தாஸ். நான் சொல்ல வந்த விஷயமே இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அர்தாஸ் என்பது எல்லா குருத்வாராவிலும் தினமும் சொல்லும் கூட்டுப் பிரார்த்தனை. முதலில் பத்து குருமார்களை வரிசையாக நினைக்கிறார்கள். அப்புறம் தர்மத்துக்காகத் தலை கொடுத்தவர்கள், அங்கம் அங்கமாக வெட்டப்பட்டவர்கள், தலைத்தோல் உரிக்கப்பட்டவர்கள், சக்கரத்தில் கட்டி முறிக்கப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்களை நினைத்து வாஹேகுரு என்று கடவுள் பெயரைச் சொல்லச் சொல்கிறார்கள், கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் சொல்கிறது. குழந்தைகள் நிற்கும் இடத்தில், தினமும், இதையெல்லாம் மூடி மறைக்காமல். ஆனால் கவனித்தால் ஒன்று தெரியும், செய்த கொடுமை எல்லாம் அதில் இருக்கிறது, செய்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை. ஒரு ராஜா பெயர், ஒரு சமூகத்தின் பெயர், எதுவும் இல்லை. கடைசியில் "சர்பத் தா பலா" என்று முடிக்கிறார்கள். எல்லோருக்கும் நல்லது நடக்கட்டும் என்று. எல்லோரும் என்றால் எல்லோரும்தான், ரம்பம் பிடித்தவனின் வம்சமும் அதற்குள் வந்துவிடுகிறது.

ஆன்ட்டியின் பிறந்த வீடு திரிலோக்புரி. மயூர் விஹாரிலிருந்து நடந்தே போகலாம், நம் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கும் பக்கம்தான். 1984 அக்டோபர் 31-இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு மூன்று நான்கு நாள் டெல்லியில் சீக்கியர்களைத் தேடித்தேடிக் கொன்றார்களே, அதில் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று அது. டெல்லியில் மட்டும் 2,733 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. ஆன்ட்டி தன் அண்ணனை இழந்ததை எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். அன்றைக்கு லங்கர் என்னும் இலவசச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது வேறொருவரைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் அவருக்குப் பஞ்சாபி மொழியின் குருமுகி எழுத்து சொல்லிக்கொடுத்த வாத்தியார், கியானி ஜி. ஸ்லேட்டில் கை பிடித்து எழுதவைத்தவர், தப்பாக எழுதினால் திட்டாமல் பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டிவிட்டுப் போய்விடுவாராம். அவரையும் அந்த நாட்களில் எரித்துவிட்டார்கள்.

"அண்ணனுக்கு அழறதுக்கு வீடே இருந்தது. கியானி ஜிக்கு அழ யாரு இருந்தா? அவர் பிள்ளைங்கன்னா நாங்கதான். அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் அர்தாஸ்ல கடைசி வரி வரும்போது நான் வாயைத் திறக்கவே மாட்டேன். சர்பத்துன்னா அவங்களும் சேர்த்திதானே, எப்படிச் சொல்றது?"

இப்போது சொல்கிறீர்களா ஆன்ட்டி ஜி என்று கேட்டேன்.

"சொல்றேன். மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. கோர்ட்டுல நியாயம் கிடைக்கணும்னு இன்னும் கேட்கிறேன், கடைசி வரைக்கும் கேட்பேன். ஆனா கியானி ஜிக்கு நடந்தது அவங்க வீட்டுக் குழந்தைக்கும் நடக்கக்கூடாது, யாருக்குமே நடக்கக்கூடாது. அதை மனசாரச் சொல்ல முடியுது. அந்த அளவுக்குத்தான் வந்திருக்கேன்."

அந்த அளவு என்று அவர் சொன்னது எனக்கு எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. கருணை என்றால் கோபத்தை விட்டுவிடுவது, நியாயம் கேட்பதை நிறுத்திவிடுவது என்று நம்மிடம் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், முக்கியமாக அடிபட்டவர்களிடம். சீக்கிய வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஐந்தாவது குரு அர்ஜன் 1606-இல் லாகூரில் வதைக்கப்பட்டு இறந்ததும் அவர் மகன் ஹர்கோபிந்த் இரண்டு வாள் கட்டிக்கொண்டார். அதே குரு அர்ஜனின் நினைவில்தான் ஜூன் வெயிலில் டெல்லி முழுக்கச் சாலையோரம் சபீல் போட்டு, பாலும் ரூஅப்ஸாவும் கலந்த இனிப்புத் தண்ணீரை, பஸ்ஸையும் ஆட்டோவையும் கையை நீட்டி நிறுத்திக் கொடுக்கிறார்கள், நம் ஊர் நீர்மோர்ப் பந்தல் மாதிரி. பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டில் உட்கார வைத்துச் சுடுமணலைக் கொட்டினார்கள் என்று சொல்லப்படும் ஒருவருக்காக, முன்பின் தெரியாதவர்களின் தொண்டையைக் குளிர வைக்கிறார்கள். தலை வெட்டப்பட்டவரின் மகன் குரு கோபிந்த் சிங்கின் போர்க்களத்தில் பாயி கன்னையா என்ற சீடர் காயம்பட்ட எதிரிகளுக்கும் தண்ணீர் கொடுத்தார், அது புகாராகப் போனபோது, எல்லா முகத்திலும் உங்கள் முகம்தான் தெரிகிறது என்றார், குரு அவரைக் கண்டிக்காமல் கையில் மருந்தையும் கொடுத்து அனுப்பினார் என்பது ஒவ்வொரு சீக்கியக் குழந்தைக்கும் தெரிந்த கதை. வாளும் தண்ணீரும் ஒரே வீட்டில்.

வெளியே வந்ததும் ஆன்ட்டிக்குக் கால் வலி, படியில் உட்கார்ந்துவிட்டார். நான் சுற்றிப் பார்த்தேன். பக்கத்திலேயே சுனேரி மசூதி. 1739-இல் பாரசீகத்திலிருந்து படையெடுத்து வந்த நாதிர் ஷா அங்கே நின்றுகொண்டுதான் டெல்லி மக்களை வெட்டச் சொன்னான், அதில் எல்லா மதத்துக்காரர்களும் செத்தார்கள். குருத்வாராவை ஒட்டியிருந்த பழைய கோத்வாலியில், அதாவது போலீஸ் ஸ்டேஷனில், 1857 செப்டம்பரில் ஆங்கிலேயர்கள் மூன்று முகலாய இளவரசர்களைச் சுட்டுக் கொண்டுவந்து, ஜனங்கள் பார்க்கட்டும் என்று உடலைப் போட்டுவைத்தார்கள். ஔரங்கசீப்பின் வம்சம்தான். செய்த பாவம் திரும்பி வந்தது என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அர்தாஸ் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. அந்த இளவரசர்களுக்கும் சின்ன வயதில் ஒரு உஸ்தாத், ஒரு வாத்தியார், இருந்திருப்பார், கைபிடித்து எழுதவைத்திருப்பார். ஒரு கியானி ஜிக்காக மனசு நிஜமாகவே வலித்தால் அந்த வலி அவரோடு நிற்பதில்லை, பக்கத்துச் சுவர் வரைக்கும் போகிறது, அதற்கு அடுத்ததற்கும் போகிறது. அன்றைக்கு எனக்கு நடந்தது இதுதான். யாரும் பிரசங்கம் பண்ணி வரவழைத்தது இல்லை.

மத்தியானம் ரகாப் கஞ்ச் சாஹிபுக்குப் போனோம், பார்லிமென்ட் பக்கத்தில் இருக்கிறது. குருவின் தலையை பாயி ஜைதா மறைத்து எடுத்துக்கொண்டு ஒன்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மகனிடம் சேர்க்க ஆனந்தபூருக்குப் போக, உடலை லக்கி ஷா என்ற வணிகர் வண்டியில் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, வெளியே சிதை மூட்டினால் தெரிந்துவிடும் என்று வீட்டையே கொளுத்தி எரியூட்டினார், அந்த இடம் இது. 1783-இல் சீக்கியத் தளபதி பகேல் சிங்கின் படை டெல்லிக்குள் வந்தபோதுதான் இரண்டு இடத்திலும் குருத்வாரா எழுந்தது. 1984 நவம்பர் 1-ஆம் தேதி கும்பல் தாக்கிய இடமும் இதுவே, அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர் பொறித்த சுவர் இப்போது வளாகத்தில் இருக்கிறது. ஆன்ட்டி அண்ணன் பெயரைத் தேடவில்லை, சுவரைக் கையால் தடவிக்கொண்டே முழு நீளமும் நடந்தார். 2021 மே மாதம் கொரோனாவில் ஊரே மூச்சுக்குத் தவித்தபோது இதே வளாகத்தில் 400 படுக்கை போட்டு வந்தவர்களையெல்லாம் பார்த்தார்கள், அப்போது என் ஆபீஸ் நண்பர் ஒருவர், நம்ம மதுரைக்காரர், இங்கேதான் பிழைத்தார்.

போகிறவர்களுக்கு: லால் கிலா மெட்ரோவில் இறங்கினால் சீஸ் கஞ்ச் நடக்கும் தூரம். தலையை மூடத் துணி வேண்டும், கைக்குட்டை போதும், வாசலிலும் கொடுப்பார்கள். பிரசாதத்தையும் ரொட்டியையும் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்குங்கள். அவசரப்பட்டு எழுந்து போய்விடாமல் அர்தாஸ் முடியும் வரை இருங்கள், மொழி புரியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள், சொல்லிக்கொடுப்பார்கள். நேரம் இருந்தால் லங்கர் சமையலறையில் ரொட்டி தேய்க்கக் கை கொடுக்கலாம், எந்த ஊர், என்ன மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.